பிங் போனா பாஸ்னு அர்த்தம் இல்ல: ஸ்ட்ராங்ஸ்வான் டெஸ்டிங் செட்டப், ஆறு மாசம் ஓட்டிப் பாத்த அனுபவம்

டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஒரு நாள் சாயங்காலம் வந்து "அண்ணா, விபிஎன் டனல் ஏறிடுச்சு, அந்தப் பக்கம் பிங் போகுது, மெர்ஜ் பண்ணிரலாமா"ன்னு கேட்டான். நானும் எட்டிப் பாத்தேன், போகுது, அழகா ஒன்னு ரெண்டு மூணுன்னு சீக்வென்ஸ் நம்பர் ஓடுது. எதுக்கும் இருக்கட்டும்னு நடுவுல டிசிபிடம்ப் (நெட்வொர்க்ல போற பாக்கெட்ட காட்டற டூல்) போட்டுப் பாத்தா ஈஎஸ்பி, அதாவது ஐபிசெக் பூட்டி அனுப்பற பாக்கெட், ஒன்னு கூட இல்ல, பிங்கோட ஐசிஎம்பி அப்படியே உடம்புல துணியே இல்லாம வெளிய நடந்து போய்ட்டு இருக்கு. ரெண்டு விஎம்மும் (விர்ச்சுவல் மெஷின்) ஒரே பிரிட்ஜ்ல இருந்ததால ரூட்டிங் தானா வழி கண்டுபிடிச்சிருச்சு, டனல் ஏறினது உண்மைதான், ஆனா எந்த ட்ராஃபிக் உள்ள போகணும்னு சொல்ற பாலிசில சப்நெட் தப்பா இருந்ததால அதுக்குள்ள ஒன்னுமே போகல. விபிஎன் மாதிரி சாமான்ல இதான் ஆபத்து, உடைஞ்சு போனாலும் வேலை செய்யற மாதிரியே நடிக்கும். வெப் சர்வர் செத்தா ஃபோன் வந்துரும், என்கிரிப்ஷன் செத்தா எல்லாம் இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் ஓடும், ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்க.

எங்ககிட்ட ஏற்கனவே காசு குடுத்து வாங்கின ஒரு டெஸ்ட் டூல் இருந்துச்சு, பேரு வேண்டாம். அது கிளையன்ட் ஸ்கிரீன்ல பச்சை விளக்கு எரியுதான்னு பாத்து பாஸ் போட்டுரும், மேல சொன்ன கூத்துக்கும் பாஸ்தான் போட்டிருந்துச்சு. அந்த கடுப்புலதான் வேற என்ன இருக்குன்னு தேடி, கடைசில ஸ்ட்ராங்ஸ்வான் சோர்ஸ் கோடுக்குள்ளயே டெஸ்டிங்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அதுல போய் நின்னேன். ஸ்ட்ராங்ஸ்வான் தெரியாதவங்களுக்கு, லினக்ஸ்ல ஐபிசெக் விபிஎன் போட ரொம்ப பேர் யூஸ் பண்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். அதை எழுதறவங்க தங்களோட வேலைய சரிபாக்க வச்சிருக்கற லேப்தான் இந்த ஃபோல்டர், யார் வேணா இறக்கி ஓட்டலாம். நாங்க எங்க பேட்ச டெஸ்ட் பண்ண அதையே எடுத்துக்கிட்டோம், ஆறு மாசம் ஆச்சு.

செட்டப் இதான். ஒரே லினக்ஸ் மெஷின்ல லிப்விர்ட், கேவிஎம்னு விஎம் ஓட்டற சாமான் வச்சு எட்டு விஎம் ஓடும், டெஸ்ட் செய்யறதுக்குன்னே ஒரு குட்டி ஊர் மாதிரி. மூன், சன் ரெண்டும் கேட்வே. மூனுக்குப் பின்னாடி ஆலிஸ், வீனஸ். சன்னுக்குப் பின்னாடி பாப். வெளிய இருந்து லேப்டாப்ல கனெக்ட் பண்ற ஆளுங்க மாதிரி கரோல், டேவ். எட்டாவது வின்னெடூ, இது விபிஎன்ல சேராது, ஓரமா உக்காந்து வெப் சர்வர் வேலை, ரத்தான சர்டிஃபிகேட் லிஸ்ட் குடுக்கற வேலை எல்லாம் பாக்கும். மூனுக்கு வெளி அட்ரஸ் 192.168.0.1, சன்னுக்கு 192.168.0.2, மூனுக்கு உள்பக்கம் 10.1, சன்னுக்கு உள்பக்கம் 10.2ன்னு ஆரம்பிக்கும், ரெண்டு நாள் ஓட்டினாலே மனப்பாடம் ஆயிரும். இப்ப எங்க டீம்ல யாரும் கேட்வே ஏ, கேட்வே பின்னு சொல்றதே இல்ல, "மூன் லாக் பாத்தியா, கரோல ஏன் உள்ள விட்டுச்சு"ன்னுதான் பேச்சு. கேக்க சிரிப்பா இருக்கும் ஆனா பக் பத்தி பேசும்போது குழப்பமே வராது.

ஏன் எட்டு விஎம், கன்டெய்னர்ல முடிச்சிருக்கலாமேன்னு நானும் முதல்ல நினைச்சேன். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்லயும் ஐபிசெக் டேபிள் எல்லாம் தனித்தனியாத்தான் வரும், அது ஓகே. ஆனா கெர்னல் ஒன்னுதான். ஐபிசெக்ல கீ பேசி முடிக்கறது மட்டும்தான் ஐகேஈ டீமன் (பின்னணில ஓடற ப்ரோக்ராம்) வேலை, அப்புறம் பாக்கெட்ட உண்மையில பூட்டறதும் திறக்கறதும் கெர்னல்ல இருக்கற எக்ஸ்ஃப்ரம். அப்ப கெர்னல மாத்திப் பாக்காம டெஸ்ட்னு சொல்றது பாதி கிணறு தாண்டற கதைதான். இங்க கெஸ்ட்டுக்கு எந்த கெர்னல்னு ஒரு கான்ஃபிக் ஃபைல்ல எழுதிட்டா அதையே பில்ட் பண்ணி எல்லா விஎம்மையும் அதுல பூட் பண்ணும். கெர்னல் அப்டேட் வந்த அன்னைக்கு இது எவ்வளவு நிம்மதின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இமேஜ் கட்டற விதமும் நல்லா யோசிச்சிருக்காங்க. முதல்ல டெபியன் பேஸ் இமேஜ் ஒன்னு, அது மேல ஸ்ட்ராங்ஸ்வானும் மத்த லைப்ரரியும் போட்ட ரூட் இமேஜ், அது மேல ஒவ்வொரு விஎம்முக்கும் மெல்லிசா ஒரு லேயர், எல்லாம் க்யூகவ்2ங்கற டிஸ்க் இமேஜ் ஃபார்மட். அதனால ஒரு வரி கோடு மாத்தினா மறுபடி டெபியன்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம், மேல் லேயர் மட்டும் கட்டினா போதும். முதல் தடவை பில்ட் மட்டும் பொறுமைய சோதிக்கும், நிறைய சாமான சோர்ஸ்ல இருந்தே கம்பைல் பண்ணும், நெட் நடுவுல புட்டுக்கிச்சுன்னா அந்த ஸ்டெப்ப திரும்ப ஓட்டணும், டிஸ்க்ல பல ஜிபி காலியா வச்சுக்கோங்க. ரூட் பெர்மிஷனும் வேணும், ஆபீஸ்ல அதுக்கே தனியா ஒரு மல்லுக்கட்டு நடந்துச்சு, அது வேற கதை.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஃபோல்டர். என்ன பண்றோம்னு சொல்ற ஒரு டிஸ்கிரிப்ஷன் ஃபைல், எந்தெந்த விஎம் வேணும் எதுல டிசிபிடம்ப் ஓடணும்னு சொல்ற ஒரு கான்ஃபிக், ஹோஸ்ட்ஸ்னு ஒரு சப்ஃபோல்டர்ல ஒவ்வொரு விஎம்முக்கும் போட வேண்டிய செட்டிங்ஸ், அப்புறம் ப்ரீடெஸ்ட், ஈவல்டெஸ்ட், போஸ்ட்டெஸ்ட்னு மூணு ஃபைல். ப்ரீடெஸ்ட்ல டீமன ஸ்டார்ட் பண்ணி டனல ஏத்துவாங்க, ஈவல்டெஸ்ட்ல செக் பண்ணுவாங்க, போஸ்ட்டெஸ்ட்ல எல்லாத்தையும் நிறுத்தி ஃபயர்வால் ரூல துடைச்சுட்டு கிளம்புவாங்க. அவ்வளவுதான், தனி டெஸ்ட் ஃப்ரேம்வொர்க், கிளாஸ், டெகரேட்டர் ஒன்னும் கிடையாது. அடியில பாத்தா பேஷ் ஸ்கிரிப்ட், ஆக், எஸ்எஸ்ஹெச், கிரெப். பழைய காலத்து வண்டி மாதிரி, பானெட்ட திறந்தா எல்லா பார்ட்டும் கண்ணுக்குத் தெரியும்.

ஈவல்டெஸ்ட்ல ஒரு வரிக்கு நாலு பாகம், நடுவுல நடுவுல ரெட்டை கோலன் (::) போட்டுப் பிரிச்சிருப்பாங்க. எந்த விஎம், என்ன கமாண்ட், அவுட்புட்ல என்ன பேட்டர்ன் தேடணும், அது இருக்கணுமா இருக்கக்கூடாதா. இதுல அந்த கடைசி பாகம், இருக்கணும் இருக்கக்கூடாதுங்கற யெஸ் நோ, அதுக்காகவே இந்த செட்டப்புக்கு கை குடுக்கலாம். செக்யூரிட்டி சாஃப்ட்வேர்ல பாதி டெஸ்ட் "இது நடக்கக்கூடாது"ங்கறதுதான். சும்மா ஒரு கேட்வே டு கேட்வே டெஸ்ட்ட எடுத்தாலே மூன்ல எஸ்ஏ (ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட கீ, செட்டிங்ஸ்) எஸ்டாபிளிஷ்டான்னு பாக்கும், சன்லயும் தனியா பாக்கும், ஆலிஸ்ல இருந்து பாப்புக்கு பிங் போகுதான்னு பாக்கும், அதோட நிக்காம சன்ல ஓடற டிசிபிடம்ப்ல மூன்ல இருந்து சன்னுக்கு ஈஎஸ்பி வந்துச்சா, திரும்பிப் போச்சான்னு ரெண்டு திசையும் பாக்கும். எங்க தம்பியோட பேட்ச் இங்க மூணாவது வரி வரைக்கும் பாஸ் ஆகி நாலாவது வரில கையும் களவுமா மாட்டியிருக்கும்.

நிஜத்துல பல டெஸ்ட்ல மூணாவது வரியவே தாண்டாது, ஏன்னா ஆரம்பத்துலயே கேட்வேல ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் ரூல் ஏத்திருவாங்க, டிஃபால்ட் எல்லாம் டிராப், ஈஎஸ்பி, யுடிபி 500, 4500, எஸ்எஸ்ஹெச் மாதிரி கொஞ்சம்தான் திறந்திருக்கும். டனலுக்குள்ள போகாத ட்ராஃபிக் சும்மாவே செத்துரும். இந்த ஒரு ஐடியாவ மட்டும் எடுத்து எங்க பழைய ஸ்கிரிப்ட்ல போட்டதுக்கே அன்னைக்கு ராத்திரி ஏழு டெஸ்ட் சிவப்பாச்சு. அத்தனை நாளா பச்சைல இருந்த டெஸ்ட் அதெல்லாம்.

சினாரியோ கலெக்ஷன் நூத்துக்கணக்குல இருக்கு, ஐகேஈ வெர்ஷன் 1, வெர்ஷன் 2, ஐபிவி6, ஹை அவைலபிலிட்டி, ஓப்பன்எஸ்எஸ்எல், பாட்டன்னு கிரிப்டோ லைப்ரரி வச்சு ஓடறதுன்னு. சர்டிஃபிகேட் ரத்தான டெஸ்ட்ல கரோல் ரத்தான சர்டிஃபிகேட்டோட வந்து நிக்கும், மூன் வின்னெடூகிட்ட லிஸ்ட் வாங்கிப் பாத்துட்டு போம்மான்னு அனுப்பிரும், கனெக்ஷன் வந்தா அது ஃபெயில். நாட் (உள் அட்ரஸ வெளி அட்ரஸா மாத்தி அனுப்பறது) டெஸ்ட்ல மூன் விபிஎன் வேலைய விட்டுட்டு வெறும் நாட் ரவுட்டர் ஆயிரும், ஆலிஸும் வீனஸும் அதுக்குப் பின்னாடி இருந்து சன்ன கூப்பிடுவாங்க, பாக்கெட் எல்லாம் 4500 போர்ட்ல யுடிபிக்குள்ள சுத்தி வருதான்னு செக். இதை எல்லாம் நாமளே முதல்ல இருந்து எழுதணும்னா வருஷம் ஆகும், அதுவும் தப்பா எழுதுவோம்.

இன்னொன்னு, நான் எதிர்பாக்காத போனஸ், லீக் டிடெக்டிவ். மெமரி லீக் பிடிக்கற ஒரு சமாச்சாரம், டீமனுக்குள்ளயே கட்டி வச்சிருக்காங்க. டெஸ்ட் முடிஞ்சு டீமன் நிக்கும்போது எங்கயாவது மெமரிய விடாம வச்சிருந்தா ரிப்போர்ட் வரும், ஃபங்ஷனா பாஸ் ஆன டெஸ்ட் கூட இதுல மாட்டும். எர்ரர் ஆகி பாதில திரும்பற பாதைல ஒரு ஃப்ரீ விட்டிருந்தோம், தப்பான பாஸ்வேர்டோட யாராவது வந்தா மட்டும் லீக் ஆகும். யோசிச்சுப் பாருங்க, வெளிய இருக்கற யாரு வேணா தப்பு பாஸ்வேர்ட போட்டுக்கிட்டே இருந்து கேட்வேய கவுத்துரலாம். அதை ஒரு பாஸ்வேர்ட் ஃபெயில் டெஸ்ட் பிடிச்சுக் குடுத்துச்சு.

டெஸ்ட் ஃபெயில் ஆனா அந்த டெஸ்ட்ல இருந்த ஒவ்வொரு விஎம்மோட லாக், கான்ஃபிக், எக்ஸ்ஃப்ரம் ஸ்டேட், ஃபயர்வால் நிலவரம், டிசிபிடம்ப் எல்லாத்தையும் அள்ளி ஹெச்டிஎம்எல் பக்கமா போட்டுரும். காலைல வந்து பிரௌசர்ல திறந்தா போதும், திரும்ப ஓட்டிப் பாத்துதான் புரிஞ்சுக்கணும்ங்கற அவசியம் முக்கால்வாசி நேரம் இருக்காது.

சரி, புகழ்ந்தது போதும், கடுப்பானதும் இருக்கு.

முதல்ல வேகம். எட்டு விஎம்மும் ஒரே செட், அதனால டெஸ்ட் ஒன்னு முடிஞ்சாத்தான் அடுத்தது, பேரலல்னு ஒன்னு கிடையாது. எதிர்பக்கம் செத்துருச்சான்னு கண்டுபிடிக்கற டெஸ்ட் மாதிரி சிலதுல டைம்அவுட் ஆகற வரைக்கும் நிஜமாவே நிமிஷக்கணக்குல காத்திருக்கணும், அதை யாரும் குறைக்க முடியாது, ஆனா அங்கங்க சும்மா ஸ்லீப்னு போட்டிருக்கறதும் இருக்கு. இப்ப கனெக்ஷன் லோட் ஆகற வரைக்கும் பாத்துட்டு இருந்து கிளம்பற ஒரு ஹெல்பர் நிறைய இடத்துல வந்துருச்சு, அதை யூஸ் பண்ணுங்க, புது டெஸ்ட்ல ஸ்லீப் போடாதீங்க. முழு சூட்ட நாங்க ராத்திரிதான் ஓட்டறோம், பகல்ல அவனவன் தொட்ட ஏரியா டெஸ்ட் மட்டும் பேர் குடுத்து ஓட்டிக்கறது.

ரெண்டாவது, டெஸ்ட்டுக்கு டெஸ்ட் விஎம் ரீபூட் ஆகாது, ஸ்னாப்ஷாட்டுக்கும் திரும்பாது. கான்ஃபிக் ஃபைல உள்ள தள்ளி, முடிஞ்சதும் டிஃபால்ட்ட திரும்ப வைக்கும், அவ்வளவுதான். அதனால நம்ம போஸ்ட்டெஸ்ட்ல ஒரு ரூல துடைக்க மறந்தா நாலு டெஸ்ட் தள்ளி சம்பந்தமே இல்லாத ஒன்னு விழும். நான் ஒரு தடவை கரோல்ல ஒரு டிராப் ரூல விட்டுட்டு, ரெண்டு நாள் அடுத்தவன் கோட திட்டிட்டு இருந்தேன், மன்னிப்பு கேட்டாச்சு. ஸ்னாப்ஷாட்டுக்குப் போயிருந்தா மட்டும் சுகம்னு நினைக்காதீங்க, பழைய ஸ்னாப்ஷாட்ல இருந்து எழுந்த விஎம்மோட கடிகாரமும் பழசாவே இருக்கும், புதுசா போட்ட சர்டிஃபிகேட்ட பாத்து இது இன்னும் செல்லுபடி ஆகலையேன்னு தள்ளிவிட்டுரும். வேற ப்ராஜெக்ட்ல பட்டிருக்கேன்.

மூணாவது, எல்லாம் டெக்ஸ்ட், எல்லாம் ரெஜெக்ஸ் பேட்டர்ன். டிசிபிடம்ப் ஒரு வெர்ஷன்ல 4500ன்னு நம்பரா காட்டும், வேற சிஸ்டத்துல அதையே பேரா காட்டும், அதுக்காக பேட்டர்ன்லயே இதுவோ அதுவோன்னு ரெண்டையும் எழுதி வச்சிருப்பாங்க. இதை விட மோசமானது இந்த நோ செக்ல இருக்கற கண்ணி, இது முழுக்க என் தப்பு. ரீகீ (நடுவுல கீய புதுசா மாத்தறது) நடக்கும்போது ப்ளெயின்டெக்ஸ்ட், அதாவது பூட்டாத டேட்டா, வெளிய கசியக்கூடாதுன்னு ஒரு செக் எழுதினேன், பேட்டர்ன்ல ஹோஸ்ட் பேர ஸ்பெல்லிங் தப்பா அடிச்சுட்டேன். அப்ப என்ன ஆகும், அந்த பேட்டர்ன் ஜென்மத்துக்கும் மேட்ச் ஆகாது, இருக்கக்கூடாதுன்னு சொன்னது இல்ல, பாஸ். ரெண்டு மாசம் தினமும் ராத்திரி பச்சையா பாஸ் ஆச்சு. தற்செயலா வேற காரணத்துக்காக அந்த ஃபைல திறந்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. அன்னையில இருந்து ஒரு பழக்கம், நோ செக் எதை எழுதினாலும் முதல்ல வேணும்னே கோட உடைச்சு அது ஃபெயில் ஆகறத கண்ணால பாத்துட்டுத்தான் உள்ள சேப்போம். ரிவ்யூ பண்றவங்களும் அந்த சிவப்பு ரிசல்ட்ட காட்டச் சொல்லிக் கேப்பாங்க.

நாலாவதுதான் எனக்கு பெரிய குறை. எல்லா விஎம்மும் ஒரே ரூட் இமேஜ்ல இருந்து வர்றதால மூன்லயும் சன்லயும் ஓடறது ஒரே வெர்ஷன், ஒரே கெர்னல். கண்ணாடி முன்னாடி நின்னு தனக்குத்தானே வணக்கம் சொல்ற மாதிரி. ஒரு ஃபீல்ட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பா படிச்சா டனல் ஜம்முனு ஏறும், டெஸ்ட் பாஸ், வெளிய வேற கம்பெனி டிவைஸோட பேசும்போதுதான் உடையும். கிரிப்டோ அல்காரிதத்துக்கு தெரிஞ்ச விடையோட டெஸ்ட் வெக்டர் வச்சு செக் பண்ற ஏற்பாடு ஸ்ட்ராங்ஸ்வான்ல தனியா இருக்கு, அதனால அந்தப் பக்கம் பயம் கம்மி, ப்ரோட்டோகால் பக்கம்தான் ஓட்டை. நாங்க சன்ன மட்டும் கழட்டிட்டு அதே பேர், அதே அட்ரஸ்ல பழைய வெர்ஷன் போட்ட தனி இமேஜ சொருகிட்டோம். லிப்விர்ட் லெவல்ல டிஸ்க் பாதைய மாத்தற வேலைதான், கஷ்டம் இல்ல, ஆனா ஒவ்வொரு தடவை கெஸ்ட் இமேஜ் திரும்ப கட்டும்போதும் நம்ம மாத்தினது போயிரும், அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் வச்சுக்கணும்.

சிஐல (கோட மாத்தினா தானா டெஸ்ட் ஓடற ஏற்பாடு) போடப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிளவுட்ல வாங்கின விஎம்முக்குள்ள இந்த எட்டையும் ஓட்டணும்னா நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் வேணும். அது இல்லாத மெஷின்ல விஎம் ஓட்டற க்யூஈஎம்யூவ வெறும் சாஃப்ட்வேர் எமுலேஷன்ல ஓட்டற மாதிரி செட் பண்ணிட்டீங்கன்னா ஓடத்தான் செய்யும், ஆனா நத்தை மாதிரி, டைமிங் எல்லாம் கோவிந்தா, ரீட்ரான்ஸ்மிட் ஆகக்கூடாத இடத்துல ஆகி கண்டபடி ஃபெயில் வரும், நாளைக்கு ஓட்டினா வேற செட் ஃபெயில் ஆகும். நாங்க ஒரு வாரம் கோடுல பக் தேடினோம், கடைசில பாத்தா கேவிஎம் டிவைஸே அந்த மெஷின்ல இல்ல. இப்ப ஸ்கிரிப்ட்டோட முதல் வரியே அது இருக்கான்னு பாக்கறதுதான், இல்லைன்னா அங்கயே நின்னுரும். பழைய கெர்னல கெஸ்ட்டா ஓட்டறவங்க ரேண்டம் நம்பர் விஷயத்தையும் பாத்துக்கோங்க, லினக்ஸ் 5.6க்கு முன்னாடி டெவ் ரேண்டம்ல படிச்சா என்ட்ரபி (ரேண்டம் நம்பருக்கான மூலப்பொருள்) பத்தலைன்னு அப்படியே நின்னுரும், விஎம்ல கீபோர்டும் இல்ல மவுஸும் இல்ல, கீ உருவாக்கற ஸ்டெப்ல தொங்கும். விர்ட்ஐஓ ஆர்என்ஜி டிவைஸ் ஒன்னு சேத்துட்டா தீர்ந்துச்சு.

மத்ததோட ஒப்பிட்டுக் கேப்பீங்க. லிப்ரஸ்வான்னு இன்னொரு ஐபிசெக் சாஃப்ட்வேர், இதோட பங்காளி மாதிரி, ரெண்டுக்குமே மூதாதை ஃப்ரீஸ்வான்தான். அங்க ஈஸ்ட், வெஸ்ட், ரோட், நிக்னு விஎம், டெஸ்ட்ல ஓடின கன்சோல் அவுட்புட் முழுசையும் முன்னாடி சேவ் பண்ணி வச்ச நல்ல அவுட்புட்டோட டிஃப் போட்டுப் பாப்பாங்க, டைம், ரேண்டம் நம்பர் மாதிரி மாறறத எல்லாம் முதல்ல வடிகட்டிட்டு. அதுல ஒரு நன்மை, நீங்க யோசிக்காத மாற்றமும் டிஃப்ல வந்து நிக்கும், என் ஸ்பெல்லிங் மிஸ்டேக் மாதிரி அங்க தப்பிக்க வாய்ப்பு கம்மி. ஆனா ஒரு லாக் மெசேஜ் வார்த்தைய மாத்தினா கூட ஏகப்பட்ட ரெஃபரன்ஸ் ஃபைல அப்டேட் பண்ணணும், அப்புறம் ஆளுங்க டிஃப்ப படிக்காமலே அக்செப்ட் பண்ண ஆரம்பிப்பாங்க, அந்த மனுஷ பலவீனம் எனக்கு நல்லாவே தெரியும். நிக்ஸ்ஓஎஸ்ங்கற லினக்ஸோட டெஸ்ட் டிரைவரும் பாத்தேன், டெஸ்ட்ட பைத்தான்ல எழுதலாம், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் விஎம் புதுசா எழுந்துக்கும், சர்வீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கற ஃபங்ஷன் எல்லாம் ரெடியா இருக்கு, அழுக்கு ஒட்டற பிரச்சனையே இல்ல. புதுசா ஒரு ப்ராடக்ட்டுக்கு சைபர்ல இருந்து ஆரம்பிக்கறதா இருந்தா நான் அதைத்தான் எடுப்பேன், ஆனா நிக்ஸ் கத்துக்கணும், அதுக்கு டீம்ல எத்தனை பேர் தயார்ங்கறது உங்க பாடு.

விண்டோஸ் கெஸ்ட், ஆன்டிவைரஸ் மாதிரி சாமான் டெஸ்ட் பண்றவங்களுக்கு இது சரிப்படாது, முழுக்க லினக்ஸ், முழுக்க ஐபிசெக் உலகம். ஐபிசெக்குல கை வைக்கறவங்க, ஒரு பேட்சோ ஒரு பிளக்இன்னோ எழுதறவங்க, ரெண்டு நாள் ஒதுக்கி இதை ஏத்திருங்க. கோடே எழுதாம விபிஎன் கான்ஃபிக் மட்டும் போடற அட்மினுக்கும் அந்த சினாரியோ ஃபோல்டர் ஒரு புதையல், ஏன்னா அதுல இருக்கற ஒவ்வொரு கான்ஃபிக்கும் ஓடிப் பாத்த கான்ஃபிக், எங்கயோ காப்பி பண்ணி எங்கயோ ஒட்டினது இல்ல.

ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலு. ஒன்ன பிடிச்சு வச்சது அந்த கண்ணாடி பிரச்சனைக்காக.

அந்த தம்பி சப்நெட்ட சரி பண்ணி திரும்ப அனுப்பினான், இந்த தடவை பிங், ஈஎஸ்பி எல்லாம் பாஸ், ரீகீ டெஸ்ட்ல ஒரே ஒரு நோ வரி மட்டும் சிவப்பு. நான் ஸ்பெல்லிங் திருத்தி வச்ச அதே வரி. "அண்ணா, இது டெஸ்ட்டோட தப்பா, என் தப்பா"ன்னு கேட்டான். டிசிபிடம்ப் ஃபைல திறந்தோம், ரீகீ நடக்கற நொடில ப்ளெயின்டெக்ஸ்ட்டா ஒரே ஒரு பாக்கெட்.